எங்கள் வாவியில் ஓடிய ரோலர் கோஸ்டர்

நான் உட்கார்ந்து யோசித்துப் பொய் சொன்னவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டார்கள், தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். ஆட்டின தலையை வருசக்கணக்காக நிறுத்தாமல் விட்டதுதான் என் பிழை.

வெளிநாட்டில், ஒரு குளிர் தேசத்தில், கப்பல் கட்டுகிற தளத்தில் ஒன்பது வருசம் வேலை செய்தேன். நான் போன புதிதில் அங்கே ஒரு உல்லாசக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நீச்சல் குளம், தியேட்டர், கடைத்தெரு எல்லாம் இருந்தன. அது போதாதென்று உச்சித் தட்டில் ஒரு ரோலர் கோஸ்டர். கடலில் போகிற கப்பலின் தலையில் தண்டவாளம் போட்டு, அதில் ஆட்களைக் கட்டிவைத்து, அவர்கள் ஐயோ ஐயோ என்று கத்தக் கத்த ஓட்டுவது. காசு கொடுத்துக் கத்துகிறார்கள். அதைக் கட்டுவதற்கு எஞ்சினியர்கள், வெல்டர்கள், கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவர்கள் என்று ஒரு படையே வந்திருந்தது.

அந்தப் படையில் என் வேலை இதுதான். ஒருவன் அளவு காட்டுகிற ஸ்பானரால் நட்டை இறுக்குவான். அவன் நகர்ந்ததும் நான் போய், நட்டில் தொடங்கி அடியில் இருக்கிற இரும்புத் தகடு வரைக்கும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பேன். பிறகு எப்போதாவது நட் தளர்ந்து கொஞ்சம் சுற்றினாலும் கோடு முறிந்துபோகும். பார்க்கிறவனுக்கு உடனே தெரியும். அதற்குத்தான் கோடு. காலையில் தொடங்கினால் பொழுதுபடும் வரைக்கும் கோடு. அந்தக் கப்பல் போன பிறகு வேறு கப்பல்கள் வந்தன, அவற்றில் ரோலர் கோஸ்டர் இல்லை, நட்டுகள் இருந்தன. அங்கேயும் கோடுதான்.

முதல் லீவில் வீட்டுக்கு வந்தேன். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்சாதியின் வீட்டில்தான் போய் இருப்பான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, வளவில் நிற்கிற மாமரமும் அவளுடையது. நான் ஒரு பெட்டியோடு போய் ஏறினவன். அன்றைக்கு மாமி, மாமியின் தங்கச்சிமார், பக்கத்து வீட்டார் என்று வளவு நிறைய ஆட்கள். போனில் கப்பலின் படத்தைக் காட்டினேன். உச்சியில் பாம்பு வளைந்த மாதிரி அந்தத் தண்டவாளம் தெரிந்தது.

"மருமகன், இதையா நீங்க கட்டினது?" என்று மாமி கேட்டா.

நான் தலையை ஆட்டினேன். என் பெண்சாதி தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாள். அவளுடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. கலியாணம் முடித்த மூன்றாம் மாதமே விட்டுவிட்டுப் போனவன் நான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்த மடையன் "இல்ல மாமி, நான் கோடுதான் போட்டனான்" என்று சொல்லுவான்? நான் சொல்லவில்லை.

கதை நான் இல்லாத நேரத்திலும் சும்மா இருக்கவில்லை, வளர்ந்தது. அடுத்த லீவில் வந்தபோது அந்தக் கப்பலில் பாதியை நான் கட்டியிருந்தேன். எங்கள் மகள் சின்னவள் பிறந்த நேரம் நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு என் பெண்சாதி, "அவர் இல்லாட்டி அங்க வேல நிண்டு போயிரும்" என்று சொன்னாளாம். மாமி செத்த வீட்டுக்கும் நான் வரவில்லை. அப்போதும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வருசங்களைக் கடத்தினாள். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இருந்தேன் என்பதுதான் வெட்கம்.

ஒரேயடியாக ஊருக்கு வந்து, கேற்றும் கிரில்லும் அடிக்கிற ஒரு சின்ன வெல்டிங் கடை போட்டு, கதை மெல்ல அடங்கிவரும் நேரத்தில்தான் மச்சான் வந்து இறங்கினார். பெண்சாதியின் மூத்த அண்ணன். சுவிஸில் இருபது வருசத்துக்கு மேல் இருந்துவிட்டு, வாவிக்கரையில் உல்லாச விடுதி கட்டுவதற்கென்று வந்தவர். மனிசன் கெட்டவரில்லை. ஒரு விசயம் மண்டைக்குள் ஏறிவிட்டால் இறக்குகிற வழிதான் அவருக்குத் தெரியாது.

எங்கள் வாவிக்குப் படுவான்கரை, எழுவான்கரை என்று இரண்டு கரை. ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குப் போக, பாலம் வருவதற்கு முன்னால், பாதைதான். பாதை என்றால் நடக்கிற பாதை இல்லை. இரும்பு மிதவைகளுக்கு மேல் பலகைத் தளம் போட்ட பெரிய தெப்பம். ஆட்டோ, மோட்டார் சைக்கிள், மாடு, கல்யாண வீட்டுக் கூட்டம், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போகும். பாலம் வந்ததும் ஒரு பழைய பாதை கரையில் சும்மா கிடந்தது. அதை மச்சான் ஏலத்தில் எடுத்துவிட்டு என் கடைக்கு வந்தார்.

"மச்சான், கப்பல் ரெடி. நீங்க அதில ரோலர் கோஸ்டர் பூட்டித் தாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இலங்கையிலேயே ஒருத்தரிட்டயும் இல்ல. கப்பல்ல ரோலர் கோஸ்டர் கட்டின ஆள் என்ட வீட்டுக்குள்ளேயே இருக்கக்குள்ள நான் ஏன் வெளிய தேடுவான்?"

"மச்சான், அது கப்பல். இது பாதை."

"ரெண்டும் தண்ணியிலதானே மிதக்கு?"

என் பெண்சாதி பக்கத்தில் நின்றாள். "அவர் செய்வார் அண்ணா. இதென்ன அவருக்குப் பெரிய வேலையா?" என்றாள். என் வாய் தானாக "ஓம்" என்றது.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றுமே தெரியாது என்றில்லை. அந்தக் கப்பலின் ரோலர் கோஸ்டரில் எந்த நட் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஏன் அங்கே இருக்கிறது என்றுதான் தெரியாது. எந்த உயரத்தில் விட்டால் எந்த உயரம் வரைக்கும் ஏறும், வளைவு எவ்வளவு சரிய வேண்டும், இதெல்லாம் எஞ்சினியர்மாரின் கணக்கு. நான் குனிந்து கோடு போட்டவன், நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனாலும் கட்டினேன். தண்ணீர்க் குழாய்களை வளைத்துத் தண்டவாளம். பழைய ஆட்டோ ஒன்றின் பின்சீட்டை அறுத்தெடுத்து, அடியில் பெயரிங் சில்லுகள் பூட்டி வண்டி. உழவு மெசினின் எஞ்சினைத் தளத்தில் இருத்தினேன், அது கம்பி வடத்தால் வண்டியை முன்பக்கத்து ஏற்றத்தில் இழுத்துவிடும். பாதையின் முன்பக்கத்தில் பெரிய ஏற்றம். அங்கிருந்து பின்பக்கம் பார்த்து இறக்கம். பின்பக்கத்தில் இரண்டாவதாக ஒரு சின்ன ஏற்றம், ஒரு வளைவு, திரும்பி நடுவில் வந்து, நான் கட்டிவைத்த பழைய டயரில் முட்டி நிற்கும். இவ்வளவுதான். வண்டி பின்னுக்கு உருண்டு வந்துவிடக் கூடாதென்று இரண்டு ஏற்றத்திலும் பல் வைத்தேன். மேலே ஏறலாம், பின்னால் உருள முடியாது, பல் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது ஏற்றத்துக்குப் பல் தேவையா என்று எனக்குத் தெரியாது. பயத்தில் வைத்தேன். கடைசியில் ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் கோடு போட்டேன். அந்த வேலையைச் செய்த இரண்டு நாளும்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

சோதனை ஓட்டத்தில் ஏற மனிசர் ஒருவரும் வரவில்லை, மச்சான் உட்பட. எனவே நெல் மூட்டைகளை ஏற்றினோம். வண்டியில் மூன்று மூட்டை, பெல்ட் போட்டு. தளத்தில் பார்வையாளர்கள் இருக்கப்போகிற கதிரைகளில் ஆளுக்கொன்றாக நாற்பது மூட்டை. பாதைக்காரர், அதாவது அந்தப் பாதையை முன்பு முப்பது வருசம் ஓட்டின மனிசர், வாவியின் நடுவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். எஞ்சினை முடுக்கினேன். மூட்டைகள் ஏறின, விழுந்தன, மறுபடி ஏறின, வளைந்தன, வந்து நின்றன. ஒரு குறையும் இல்லை. இரண்டாம் முறை வளைவில் ஒரு மூட்டை கிழிந்து வாவியெல்லாம் நெல் பறந்தது. அதற்குப் பிறகு பக்கத்து வளவுத் தாரா வாத்துகள் காலையில் நேரத்துக்கு வந்து தண்ணீரில் காத்திருக்கத் தொடங்கிவிட்டன. கரையில் நின்ற ஆட்கள் சும்மா விடுவார்களா?

"மூட்டைக்குத் தலை சுத்தல்லையாமா? ஒருக்காக் கேட்டுப் பாருங்க!"

"அந்த நடு மூட்டை பயந்துட்டுகா, முகத்தைப் பாரு!"

பாதைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, மூட்டை நல்ல சனம். வெச்ச இடத்தில இருக்கும்" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருசம் ஓட்டின மனிசர் ஒன்று சொன்னால் நின்று கேட்க வேண்டும் என்கிற புத்தி எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை.

திறப்பு விழா குறித்தாயிற்று. பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், அவர்தான் முதல் ஆளாக ஏறுவார் என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். முதல் நாள் பின்னேரம் என் பெண்சாதி சொன்னாள்:

"அவரோட நானும் ஏறுவன்."

"வேணாம் புள்ள."

"ஏன் வேணாம்? ஒன்பது வருசம் அங்க எந்தெந்த நாட்டுச் சனமெல்லாம் நீங்க கட்டினதுல ஏறிச்சு. நான் ஒருக்கா ஏறக் கூடாதா?"

அவள் ஏறினால் இரண்டில் ஒன்று நடக்கலாம். அவளுக்கு ஏதாவது ஆகலாம். அல்லது நான் யாரென்று அவளுக்குத் தெரிந்துபோகலாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரவு நான் அதிகம் பயந்தது இரண்டாவதற்குத்தான். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல வரும்.

விழா நாள். வாழை கட்டி, கும்பம் வைத்து, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, பாதை ஒரு கோயில் மாதிரி நின்றது. புதுவாகனம் என்றால் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசுக்க வேண்டும். இதுவும் வாகனம்தானே என்று பூசாரியார் தண்டவாளத்தில் நான்கு தேசிக்காய்களை வைத்து, வண்டியைத் தள்ளச் சொன்னார். நசுங்கின. சாறு குழாயெல்லாம் வடிந்தது. நான் சீலைத் துண்டை எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அவர் இன்னொன்றை வைத்தார்.

நாற்பது ஆட்கள் வரை கதிரைகளில் இருந்தார்கள். படுவான்கரையில் இருந்து வெளிக்கிட்டு வாவியின் நடுவுக்கு வந்ததும், அதிகாரி எழும்பி ரோலர் கோஸ்டரை அடியிலிருந்து நுனி வரை ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, எனக்குப் பிரஷர் இருக்கு" என்றார். திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சானுக்கும் அந்த நிமிசத்தில் பிரஷர் வந்துவிட்டது. மற்ற ஆட்களெல்லாம் வாவியைப் பார்த்தார்கள், மீன் துள்ளுகிறதாம். என் பெண்சாதி சேலையைச் சுற்றிச் செருகிக்கொண்டு போய் ஏறினாள்.

அவள் மெலிந்தவள். வண்டி மூன்று நெல் மூட்டைகளுக்குப் பழகின வண்டி. பாரம் குறைந்தால் என்ன ஆகுமோ என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு மூட்டை, அந்தப் பக்கம் ஒரு மூட்டை வைத்துப் பெல்ட் போட்டேன். இரண்டு மூட்டைக்கு நடுவில் அவள் மணவறைப் பொம்பிளை மாதிரி இருந்தாள். மாப்பிள்ளை எதுவென்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் பெல்ட்டை இன்னொருக்கால் இழுத்துப் பார்த்தேன்.

இந்த இடத்தில்தான் பாதைக்காரர் சொன்னது நடந்தது. எழுவான்கரைக்குப் போய்த் திரும்புவதாகத் திட்டம். கரை கிட்ட வருகிறது, கோஸ்டர் ஓடுவதைக் கரையில் நிற்கிற சனமும் பார்க்கட்டும் என்று மச்சான் சொன்னார். எஞ்சினை முடுக்கினேன். வடம் வண்டியை முன் ஏற்றத்தில் இழுத்தது. அவள் உச்சிக்குப் போனாள், விழுந்தாள், "அம்மோய்!" என்று ஒரு சத்தம். வண்டி பின்பக்கம் பாய்ந்தது. அதே நேரம் கரை இன்னும் கொஞ்ச தூரம்தான். கதிரைகளில் இருந்த நாற்பது பேரும், ஒருவர் சொல்லாமல் ஒருவர் கேட்காமல், எழும்பி முன்னுக்குப் போனார்கள்.

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாதை கரையை நெருங்கினால் எழும்பி முன்னுக்குப் போக வேண்டும், முதலில் குதிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவனும் அப்படித்தான், சும்மா போகிறவனும் அப்படித்தான். அன்றைக்கு ஒருவருக்கும் இறங்கவேண்டிய தேவையே இல்லை. சோறு பாதையில், விழா பாதையில், அதிகாரி பாதையில். அந்த அதிகாரியும் முன்னுக்குத்தான் நின்றார்.

பாதையின் மூக்குத் தாழ்ந்தது, வால் எழும்பியது. பின்பக்கத்து ஏற்றமும் அதோடு சேர்ந்து எழும்பியது. வண்டி அதில் ஏறிக்கொண்டு போய், உச்சிக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது மூச்சை விட்டது. பல் "டக்" என்று பிடித்தது. இரண்டு தென்னங்கன்று உயரத்தில், வானத்தைப் பார்த்தபடி, இரண்டு மூட்டைக்கு நடுவில் என் பெண்சாதி நின்றுபோனாள். முன்பக்கம் மணலில் குத்தி, பாதையும் நின்றுபோனது.

"பின்னால போங்க! எல்லாரும் பின்னால போங்க!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. அந்தச் சாமானுக்குக் கீழே போய் நிற்க எவனுக்குத் துணிச்சல் வரும்? அதோடு, பிடித்த முன்னிடத்தை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. "நீ போ", "ஏன் நீ போவன்" என்று ஆளை ஆள் தள்ளினார்களே தவிர நகரவில்லை. ஸ்பீக்கரில் பாட்டு நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவும் ஒருவரும் இல்லை.

நான் தண்டவாளத்தில் ஏறினேன். நான் கோடு போட்ட நட்டுகளைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினேன். ஒரு கோடும் முறிந்திருக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் போய்த் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அவள் பயப்பட்ட மாதிரியே தெரியவில்லை. என்னைக் கண்டதும் முகத்தில் ஒரு நிம்மதி.

"இஞ்சாருங்க, உங்கட கப்பல்ல இப்பிடி நிண்டா மறுகா என்ன செய்வீங்க?"

"தெரியாது புள்ள."

"தெரியாதா? நீங்கதானே கட்டினது."

கீழே ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருந்தது. அங்கே நாங்கள் பேசுவது ஒருவருக்கும் கேட்காது. அவளுடைய உயிர் என் கையில் இருக்கிறதென்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், என் கையில் ஒன்றுமே இல்லை. அதற்கு மேலும் என்னால் முடியவில்லை.

"நான் கட்டல்ல. வேற ஆக்கள் கட்டினாங்க. நான் நட்டில மஞ்சள் கோடு போட்டனான்."

"கோடா?"

"ஓம். பெயின்டால."

"வேற?"

"வேற ஒண்டும் இல்ல."

அவள் மூட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்தாள்.

"சின்னவள் பிறக்கக்குள்ள?"

"கோடு போட்டுக்கொண்டு இருந்தன்."

"அம்மா மோசம் போகக்குள்ள?"

"அப்பவும்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லம் என்றும் நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கீழே முன்பக்கத்தில் குவிந்து நிற்கிற சனத்தைப் பார்த்தாள். பிறகு பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, இருக்கிற மூச்சையெல்லாம் பிடித்து, பாட்டுக்கு மேலாகக் கத்தினாள்:

"சோத்துப் பார்சல் குடுக்கிறாங்க! பின்னால! கெதியா வாங்க, முடியப் போகுது!"

நாற்பது பேரும் பின்னுக்கு ஓடினார்கள். பிரஷர் இருந்த அதிகாரியும் ஓடினார், அவருக்கு முன்னால் மச்சான் ஓடினார், சோற்றுக்குப் பொறுப்பாளே அவர்தான். பாதையின் வால் தொபுக்கென்று தாழ்ந்தது. மூக்கு மணலைவிட்டுக் கிளம்பியது. "ஏறுங்க!" என்று அவள் என் சேட்டுக் காலரைப் பிடித்து இழுத்தாள். நான் மூட்டைக்கு மேல் விழுந்தேன். வண்டி உச்சியைத் தாண்டியது. இறக்கத்தில் போன வேகத்தில் நான்தான் கத்தினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவள் கத்தவில்லை. வளைவில் மூட்டை வெடித்து என் தலையெல்லாம் நெல். நடுவில் வந்து டயரில் இடித்து நின்றோம்.

சனம் கைதட்டியது. கைதட்டி முடிய, பார்சல் எங்கே என்று கேட்டது. போனில் செய்தி போடுகிற ஒருவர் ஓடிவந்து அவளுடைய முகத்துக்கு நேரே போனைப் பிடித்தார்.

"அக்கா, நடுவில நிண்டுட்டே, பயமா இருக்கல்லையா? உங்கட கணவர் பெரிய கப்பல்ல எல்லாம் இத கட்டின ஆளாமே?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நெல்லோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இப்போது சொல்லப்போகிறாள், ஊர் பார்க்கப்போகிறது, அவளுடைய வளவுக்குள் நான் இனி எந்த முகத்தோடு நுழைவேன் என்று ஓடியது மனசு.

"ஓம்" என்றாள் அவள். "கப்பல்லயும் இப்பிடித்தான். மேல கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் நிப்பாட்டி வெப்பாங்க. ஆக்கள் காட்சி பாக்கணுமே."

இத்தனை வருசமாக நான் தலையாட்டின பொய்களில் ஒன்றுகூட இவ்வளவு அழகாக இருந்ததில்லை. அவர் "ஆ, அப்படியா" என்று போனில் பதிந்துகொண்டு போனார். எனக்குச் சந்தோசம் வரவில்லை. நான் சுமந்ததை இப்போது அவளுடைய தலையிலும் ஏற்றிவிட்டேன்.

அந்த ரோலர் கோஸ்டர் அதற்குப் பிறகு மனிசரோடு ஓடவில்லை. மச்சானின் விடுதிக்கு முன்னால் பாதை கட்டிக்கிடக்கிறது, பின்பக்கத்து ஏற்றத்தில் விடுதித் துவாய்களைக் காயப்போடுகிறார்கள். நல்ல வெயில் படுகிற இடம் என்று மச்சானுக்கு அதிலும் ஒரு பெருமை.

விழா முடிந்து வீட்டுக்கு நடந்து போனோம். வயல் வட்டைக்குள்ளால் போகிற வரம்பு, இரண்டு பக்கமும் பச்சை வயல். அவள் முன்னால், நான் பின்னால். வாய்க்காலைத் தாண்டியதும் நானே தொடங்கினேன்.

"என்னை ஏசு புள்ள. ஏதாவது சொல்லு."

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"உங்கட வளவுக்குள்ள வெறும் கோடு போடுறவனா வந்து இருக்க வெக்கமா இருந்திச்சு."

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"அந்தக் கோடு என்னத்துக்கு?"

சொன்னேன். நட் தளர்ந்தால் கோடு முறியும், முறிந்தால் தெரியும், தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்துவார்கள், அதில் ஏறுகிற சனத்துக்கு ஒன்றும் ஆகாது என்றேன். யாருக்கும் இதை நான் சொன்னதில்லை. எவ்வளவு நட், எவ்வளவு குளிர், விரல் விறைத்தால் பெயின்ட் தூரிகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போட்டது, ஒரு நட்டைத் தவறவிட்டுவிட்டேனோ என்று சாப்பாட்டை விட்டுவிட்டுத் திரும்ப ஓடிப்போய்ப் பார்த்தது, எல்லாம் வந்தது. நிறுத்த முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இதத்தான் மறைச்சீங்களா?"

"ஓம்."

"ரோலர் கோஸ்டர் எப்பிடிக் கட்டுறது எண்டு எனக்கு ஒரு சொட்டும் விளங்காது. விளங்கினவள் மாதிரி ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தன், ஒன்பது வருசம்." அப்போதுதான் திரும்பினாள். "இது எனக்கு விளங்கியிருக்கும்."

நான் வரம்பில் உட்கார்ந்து அழுதேன். பிறகு, சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள், எழும்புங்க என்றாள் அவள்.